அப்பா பெஞ்சில் உட்கார்ந்த சனிக்கிழமை

நம் செட்டுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாம் ஒன்பதாவது போன வருஷம்தான் கணக்குப் புத்தகம் மாறியது. அதுவரை அக்காவின் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு ஓட்டிக்கொண்டிருந்த நமக்கெல்லாம் அந்த வருஷம் புதுப் புத்தகம். பசை காயாத அட்டை. விரித்தால் மடக்கென்று ஒடியும் முதுகு. பக்கத்தைப் புரட்டினால் மையும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு வாடை. நான் அதை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். அந்த வாடை இப்போது எந்தப் புத்தகத்திலும் வருவதில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தால் முதலில் வருவது உயர்நிலைப் பள்ளிக்கூடம், அப்புறம்தான் ஊர். பள்ளிக்கூடத்து ஜன்னல் எல்லாம் வயலைப் பார்த்துதான் இருக்கும். கணக்கு வராதவர்கள் கதிரை எண்ணலாம்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். சொந்தத்தில் கொஞ்சம் நிலம், மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்தது கொஞ்சம். இரண்டிலும் அவரே சேற்றில் இறங்குவார். சாயங்காலம் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வந்து, ஈரம் காயாமலே என் எதிரில் சம்மணம் போட்டு உட்காருவார். நான் இரண்டாவது படித்த நாளிலிருந்து அது அவர் பொறுப்பு. கையில் ஒரு கிளுவைக் குச்சி இருக்கும். வாய்ப்பாடு, பின்னம், வட்டிக் கணக்கு எல்லாம் அந்தக் குச்சிக்கு முன்னால்தான் படித்தேன். "ஏம்ப்பா அப்படி?" என்று கேட்டால் போச்சு. எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார். "பேசாம போடு" என்பார். கேள்வி கேட்கிற பிள்ளைக்குக் கணக்கு வராது என்பது அவருடைய முடிவு. அந்தக் காலத்தில் பாதி அப்பாக்களின் முடிவும் அதுதான்.

புதுப் புத்தகம் வந்த அன்று அப்பா அதை வாங்கி, விளக்கடியில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வட்டம். வட்டத்துக்குள் வட்டம். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இரண்டு வட்டம். கணம், உறுப்பு, சேர்ப்பு, வெட்டு என்று தலைப்புகள்.

"என்ன பாப்பா, நம்பரே இல்ல? மாத்திக் குடுத்துட்டாங்களா?"

"இல்லப்பா, இதுதான். புதுக் கணக்கு."

அடுப்பங்கரையிலிருந்து அம்மா சிரித்தாள். "கோலப் புத்தகமா இருக்கப் போவுது, என்கிட்ட குடுங்க."

அப்பா சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மதகில் தண்ணீர் வருகிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மதகில் தண்ணீர் வருவதை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். குச்சிக்கு வேலை இல்லாமல் போனதில் எனக்குச் சந்தோஷம். போன வருஷம் என் பேரன் போனில் ஏதோ கணக்கைத் தட்டிக்கொண்டிருந்தவன், நான் எட்டிப் பார்த்ததும், "பாட்டி, உனக்கு இது புரியாது" என்று போனைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கு அப்பா எழுந்து போனது கோபத்தில் இல்லை என்று அப்போது தெரிந்தது.

கணக்கு டீச்சரும் அந்த வருஷம்தான் புதுசாக வந்தார்கள். சேலம் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆகாதவர். தபாலாபீசுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தார்கள். கைக்கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார்கள். நேரம் பார்க்கும்போது உள்ளங்கையை விரித்து ஏதோ ரேகை பார்ப்பது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் இருந்த மர காம்பஸுக்கு ஒரு கால் உடைந்திருந்ததால், சாக்பீஸில் சணல் கயிற்றைக் கட்டி, கட்டைவிரலை நடுவில் ஊன்றி ஒரே வீச்சில் வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்தைப் பார்ப்பதற்காகவே நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம்.

அந்தக் குறுவை எப்படிப்பட்ட குறுவை என்பதையும் சொல்ல வேண்டும். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று தெற்குத்தெரு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். முடியாது என்றார் மிராசுதார். வரப்பில் சிவப்புக் கொடி நட்டார்கள். மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார், கூடவே போலீஸும் வந்தது. எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் அறுப்பது தெரியும். எங்கள் ஊர் ஆட்கள் அறுத்தால் கேலியும் கூச்சலும் பள்ளிக்கூடம் வரை கேட்கும். இவர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் அறுத்தார்கள். அரிவாள் தாளில் படுகிற கரகரப்பு மட்டும்தான்.

அப்படி ஒரு மத்தியானம் டீச்சர் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டார்கள். வீட்டில் மாடு இருக்கிறவர்கள் ஒரு கணம். சைக்கிள் இருக்கிறவர்கள் ஒரு கணம். இரண்டும் இருக்கிறவர்கள் நடுவில் வருவார்கள், அந்த நடு இடத்துக்கு வெட்டு என்று பேர். எல்லோருக்கும் புரிந்தது. "இப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தெற்குத்தெருப் பெண், என் தோழி. அவள் அப்பாதான் கொடி நட்டவர்களில் முன்னால் நின்றவர். எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "நிலம் உள்ளவங்க ஒரு கணம் டீச்சர். வயல்ல இறங்கி உழைக்கிறவங்க ஒரு கணம். வெட்டு வெற்றுக் கணம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன்பெஞ்சில் இருந்த மிராசுதார் மகன் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது கணக்காக மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். "வெற்றுக் கணம்னு சும்மா சொல்லக் கூடாது. சரிபார்க்கணும். ரெண்டுலயும் யாருமே இல்லையா?" என்று கேட்டபடி, பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். நிலம் உள்ளவர் வெட்டு உழைப்பவர்.

நான் எழுந்தேன். "எங்க அப்பா இருக்காங்க டீச்சர்."

இரண்டு வட்டமும் சேருகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். அப்பா பலகையில் ஏறிவிட்ட பெருமையில் எனக்குக் காது சூடானது. அப்போது மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓட்டில் விழுந்த சத்தத்தில் டீச்சர் பேசியது கேட்கவில்லை. மணி அடித்தது. எல்லோரும் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினோம். பலகையை யாரும் அழிக்கவில்லை.

சாயங்காலம் மிராசுதாரின் கணக்குப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். நனைந்துபோன வெளியூர் ஆட்களைத் தங்கவைக்க வகுப்பறை கிடைக்குமா என்று பார்க்க வந்தவர் கண்ணில் அந்தப் பலகை பட்டிருக்கிறது. நிலம் உள்ளவர். வெட்டு. அவர் எப்படிப் படித்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை முதல் பீரியடில் சப்-இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் தலைமையாசிரியர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"யார வெட்டச் சொல்றீங்க?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுபோயிற்று. மேஜையிலிருந்த புத்தகத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே அரசாங்க முத்திரை இருந்தது.

"கவர்ன்மெண்டு புத்தகமா இது?"

"ஆமாங்க சார்," என்றார் தலைமையாசிரியர். அவ்வளவு தெளிவாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வேற வார்த்தையே கிடைக்கலையாய்யா இவங்களுக்கு?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசல் தாண்டும்போது திரும்பி வந்து, தன் கையாலேயே பலகையைத் துடைத்துவிட்டுப் போனார். புள்ளியோடு சேர்த்துத்தான்.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். மிராசுதார் அப்படி நினைக்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு அவர்தான் தலைவர். ஆட்சி மாறியபோது அவர் தோள் துண்டின் கரையும் மாறியிருந்தது. அதனால் அரசாங்கப் புத்தகத்தைக் குறை சொல்ல அவரால் முடியாது. வேறு விதமாக ஒரு மனு எழுதினார். கணக்கு டீச்சர் கணக்கே நடத்துவதில்லை, படம் போட்டுப் பொழுதைப் போக்குகிறார், பிள்ளைகள் பெருக்கல் மறந்துவிட்டார்கள், ஆகவே மாற்ற வேண்டும். கீழே பெற்றோர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது கணக்குப்பிள்ளை அந்தத் தாளோடு வந்தார். கை ஈரமாக இருக்கிறது, நாளைக்கு வாங்க என்று அப்பா அனுப்பினார். போட்டுவிடுவது என்றுதான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். மனுவில் இருந்தது அவர் மனசில் இருந்ததேதான். போதாததற்கு, குத்தகை நிலம் மிராசுதாருடையது.

அம்மா கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அண்டாவிலிருந்து ஆவி கிளம்பி அவள் முகமே தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு அந்த டீச்சர் என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? எனக்குச் சொல்லு."

"உனக்கு எதுக்கும்மா?"

"சொல்லேன், கேப்போம்."

கரித்துண்டால் தரையில் இரண்டு வட்டம் போட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். துடுப்பால் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டுலயும் இருக்கிறவங்க நடுவுல. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா போலீசு வந்துச்சு?"

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது அப்பாவிடம் சொன்னாள். "ஏங்க, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்ன நடத்துறாங்கன்னு ஒருதரம் போய் உட்கார்ந்து கேட்டுட்டு வாங்களேன்."

"நான் போய் பெஞ்சுல உட்காரணுமா? ஊரு சிரிக்காது?"

"தெரியாம கையெழுத்துப் போட்டா மட்டும் சிரிக்காதா?"

மறுநாள் அப்பா வயலுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் நுழைந்து, அந்தப் பாடத்தை எங்களுக்கும் ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்க என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்கு அது நல்ல வழியாகப் பட்டது. வருகிற சனிக்கிழமை பெற்றோர்களுக்குக் கணக்கு வகுப்பு என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமையை நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து பார்த்தோம். எங்கள் பெஞ்சில் எங்கள் அப்பாக்கள். முழங்கால் உள்ளே போகாமல் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிராசுதார் வீட்டிலிருந்து கை வைத்த நாற்காலி வந்தது. அதில் அவர் உட்கார்ந்தார். அம்மாக்கள் சிலர் கதவோரம் நின்றார்கள். என் அம்மாவும் நின்றாள்.

தெற்குத்தெருக்காரர்கள் தாழ்வாரத்தோடு நின்றுவிட்டார்கள். டீச்சர் வெளியே வந்து கூப்பிட்டார்கள்.

"நாங்க இப்படியே நின்னு கேட்டுக்கிறோங்கம்மா," என்றார் என் தோழியின் அப்பா.

"அங்கேருந்து பலகை தெரியாதுங்க. உள்ள வாங்க."

தோழியின் அம்மாதான் இடுப்பில் கைக்குழந்தையோடு முதலில் வாசலைத் தாண்டினாள். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். அப்பா இருந்த பெஞ்சில் இடம் இருந்தது. அப்பா கொஞ்சம் நகர்ந்தார். இடம் கொடுக்க நகர்ந்தாரா, விலகி உட்கார நகர்ந்தாரா என்று நான் அவரிடம் கடைசி வரை கேட்கவில்லை.

டீச்சர் பலகைப் பக்கம் போகவே இல்லை. தாம்புக்கயிறு இரண்டை எடுத்துத் தரையில் இரண்டு வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி போட்டார்கள். நிலம், கூலி என்று ஒரு வார்த்தை அவர்கள் வாயில் வரவில்லை.

"இந்த வட்டம், கணக்கு வரலைன்னு பிள்ளைய அடிச்சவங்களுக்கு. வந்து நில்லுங்க."

அறையே சிரித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் நின்ற நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அப்பா போய் நின்றார். தோழியின் அப்பா போய் நின்றார். மளிகைக்கடைக்காரர், பஞ்சாயத்துத் தண்டோரா போடுகிறவர், எல்லோரும். கயிறு சின்னது. ஒருவர் தோள் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் அந்த ஊரில் அவர்கள் அத்தனை பேர் அவ்வளவு நெருக்கமாக வேறு எங்கும் நின்றிருக்க மாட்டார்கள்.

நாற்காலியிலிருந்து மிராசுதார் சொன்னார்: "என் பேரையும் சேத்துக்கம்மா."

"பேரு சேக்க முடியாதுங்க ஐயா. வந்து நிக்கணும்."

அவர் சிரித்தார். எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற அவர் மகன் கம்பியை விட்டுவிட்டுக் கீழே பார்த்தான்.

"அந்த வட்டம், நீ போட்ட கணக்க எனக்குச் சொல்லிக் காட்டுன்னு பிள்ளைகிட்ட கேட்டவங்களுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்காதவங்க நாங்க என்னத்தைக் கேக்கறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். தோழியின் அம்மா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய் நின்றாள். "இவ சொல்லிக்கிட்டே இருப்பாம்மா. எனக்கு ஒண்ணும் விளங்காது. நான் பாட்டுக்கு ஊம் கொட்டிக்கிட்டு வேலைய பாப்பேன்."

"அது போதுங்க," என்றார்கள் டீச்சர். "அது ரொம்பப் பெரிய விஷயம்."

என் அம்மாவும் கதவை விட்டு வந்தாள். இரண்டு வட்டத்தையும் பார்த்தாள். "நான் இவள அடிச்சும் இருக்கேன், கேட்டும் இருக்கேன். எங்க நிக்கிறது?" என்றாள். டீச்சர் பதில் சொல்வதற்குள் அவளே நடு இடத்தில் போய் நின்றுவிட்டாள்.

"அதுதாங்க வெட்டு," என்றார்கள் டீச்சர். "யாரையும் வெட்டுறதில்ல. ரெண்டுலயும் இருக்கிறவங்க. இத்தன நாளா நான் இதத்தான் நடத்திக்கிட்டிருந்தேன்."

மிராசுதார் எழுந்து, சரி சரி என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நாற்காலியை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. ஆனால் போட்டவர்கள் இருந்தார்கள். அரைப் பரீட்சை லீவு விடுவதற்குள் டீச்சருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. எங்கோ வடக்கே. அந்தக் குறுவை பாதி வயலிலேயே முளைத்துப் போனது. கடைசியில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, கேட்டதில் பாதியோ என்னவோ கூட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் குத்தகை நிலம் வேறு ஒருவருக்குப் போயிற்று. அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச்சில்லை. அந்த நிலத்து வரப்பு வழியாகப் போகாமல் அப்பா சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

டீச்சர் கிளம்பிய அன்று வழியனுப்ப வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தகரப் பெட்டியில் புத்தகங்கள் இருந்ததால் நல்ல கனம். ஒரு பக்கத்துப் பிடியை அப்பா பிடித்தார். இன்னொரு பக்கம் தோழியின் அப்பா. வாய்க்கால் கரையில் அவர்கள் இருவரும் பேசாமல் ஒரே நடையாக நடந்துபோனதை ஊரே பார்த்தது. மிராசுதார் வீட்டு மாடியிலிருந்தும் அது தெரிந்திருக்கும்.

பஸ் வருகிறவரை டீச்சர் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு இந்தப் புதுக் கணக்கெல்லாம் சொல்லிக் குடுக்க வராதுங்க டீச்சர். இனிமே இவ என்ன பண்ணுவா?" என்றார் அப்பா. அவர் அப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாங்க. தினம் கொஞ்ச நேரம் கேளுங்க. தப்பா சரியான்னு பாக்காதீங்க. இது எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேளுங்க."

பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்கள். உள்ளங்கைப் பக்கம் கடிகாரம் மின்னியது. அப்புறம் அவர்களை நான் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்றும் தெரியாது. நம்மில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் அப்பா கால் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கையில் ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்தார்.

"சொல்லு. கேக்கறேன்."

எனக்குக் கூச்சமாக இருந்தது. சிலேட்டில் போட்டு வைத்திருந்த இயற்கணிதக் கணக்கைக் காட்டினேன்.

"இது எப்படி வந்துச்சு?"

"அடைப்புக்குறிய எடுத்துட்டேன்ப்பா."

"எடுக்கலாமா? எடுத்தா ஒண்ணும் ஆவாதா?"

"வெளியில கழித்தல் குறி இருக்குல்ல, அதனால எடுக்கும்போது உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் குறி மாறும். இதுக்கு மாத்திட்டேன். இதுக்கு…"

நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"இதுக்கு மாத்த மறந்துட்டேன்ப்பா. தப்பு."

அப்பா என்னையும் சிலேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலியே பாப்பா."

"நீங்க சொல்லல. நானேதான் கண்டுபிடிச்சேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலியே!" என்று மறுபடியும் சொன்னார். அம்மாவைக் கூப்பிட்டு, "ஏ, இங்க வாயேன், நான் ஒண்ணும் சொல்லாமயே இவ தப்பக் கண்டுபிடிச்சுட்டா" என்று சிரித்தார். நான் அழித்துவிட்டுத் திரும்ப எழுதும் வரை பொறுமையாக இருந்தார். எழுதி முடித்ததும் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ம். அடுத்தது சொல்லு," என்றார்.